சிவப்பு மையில் 'போ' என்று எழுதினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வரவில்லை என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி கடிதம் வருகிறது. இங்கே டர்பனிலும் ஆசிரியர்கள் கூடினால் இதே பேச்சுதான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். இருபது வருஷம் ஆகப்போகிறது. எழுதத் திணறும் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ரைட்டிங் சென்டர் என்று ஒன்று உண்டு, கட்டுரை எழுதத் திணறும் மாணவர் போய் உதவி கேட்கும் இடம். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கினார்கள். ஜோஹன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1998இல். நிறவெறிச் சட்டங்கள் போய், வீட்டில் ஜூலுவும் கோசாவும் பேசி வளர்ந்த பிள்ளைகள் இந்த வகுப்புகளுக்குள் வந்த காலம் அது. ஒரு மேசை, ஒரு மாணவர், ஓர் ஆலோசகர், முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். ஆலோசகர் பெரும்பாலும் முதுகலையோ ஆராய்ச்சியோ படிப்பவர். மாணவர் எழுதியதை அவர் திருத்தித் தரமாட்டார். மாணவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, கேள்வி மேல் கேள்வி கேட்பார்.

சில வருஷங்களுக்கு முன், வடக்கே எம்பங்கேனி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். 2000ஆம் ஆண்டு இந்த மாகாணத்தில் பரவிய காலராவைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தேன். ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதித்த நோய் அது. அவள் கொடுத்த தாள் முழுக்கக் கிருமியைப் பற்றிய பாடப்புத்தக வரிகள். வாக்கியங்களும் தடுமாறின. 'மொழி மோசம். ரைட்டிங் சென்டருக்குப் போ' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, "அங்கே போனால் நான் தேறாதவள் என்று ஆகிவிடாதா, மேடம்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சரி, நானும் வருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனேன். அவள் சம்மதத்தோடு ஓரமாக உட்கார்ந்தேன்.

ஆலோசகர் பெண் தாளை மூடி வைத்துவிட்டு, "உங்கள் ஊருக்கு இந்த நோய் ஏன் வந்தது?" என்று கேட்டாள். இவள் மடமடவென்று சொன்னாள்: இலவசமாக வந்த குழாய்த் தண்ணீருக்கு, முன்பணம் கட்டினால்தான் திறக்கும் ப்ரீபெய்ட் மீட்டர் வைத்தார்கள், காசில்லாத வீடுகள் ஆற்றுக்குப் போயின, அம்மா சொல்லியிருக்கிறாள். "இது கட்டுரையில் எங்கே?" தேடினார்கள். நாலாம் பக்கத்து அடியில் அரை வரி. அம்மா சொன்னதெல்லாம் பல்கலைக்கழகக் கட்டுரைக்கு ஆகாது என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் ஆலோசகர், "உங்கள் ஆசிரியர் சரியாக என்ன கேட்டிருக்கிறார்?" என்றாள். மாணவிக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலேயே இருந்த எனக்கும் பதில் வரவில்லை. நான் கொடுத்த கேள்வி, 'காலரா பரவலை விவாதிக்கவும்' என்ற ஒற்றை வரி. காரணம் கேட்டேனா, தடுக்கும் வழி கேட்டேனா, எனக்கே தெளிவில்லை.

அந்த ஆற்றங்கரையிலிருந்தே தொடங்கித் திரும்ப எழுதினாள். பிழைகள் சில இருந்தன, ஆனால் கட்டுரை நின்றது.

இப்போது பருவம் தொடங்கும் முன்பே என் கேள்வித்தாளையும், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் சென்டருக்குக் கொடுத்துவிடுகிறேன். முதல் வாரத்தில் ஓர் ஆலோசகர் வகுப்புக்கு வந்து பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போகிறார். முகம் தெரிந்த இடத்துக்குப் போகப் பிள்ளைகள் தயங்குவதில்லை. கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் வரைவு வந்தாக வேண்டும். அவகாசமே கொடுக்காமல் போ என்றால் எப்படிப் போவார்கள்? வரைவில் நான் பிழைகளை வட்டம் போடுவதில்லை. ஆலோசகரிடம் எடுத்துப்போய்ப் பேச ஒரே ஒரு கேள்வி எழுதுகிறேன். சென்டருக்குப் போயே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியும் பார்த்தேன். வந்ததற்குக் கையெழுத்து வாங்கத்தான் போனார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

இதை ஆங்கிலம் தெரியாதவர்கள் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாயுடு, கோவெண்டர், மூட்லி என்ற பெயர்களோடு வரும் நம்மவர் பிள்ளைகளுக்குத் தலைமுறைகளாக ஆங்கிலம்தான் வீட்டு மொழி. தமிழ் அவர்களுக்குக் கோயில் பாட்டோடு சரி. முதல் கட்டுரையில் அவர்களும்தான் திணறுகிறார்கள். இங்கே டர்பனில் நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில், கோயிலில் பழக்கமான ஓர் அம்மா, மகனுக்கு மதிப்பெண் குறைந்ததென்று வருத்தப்பட்டார். சென்டருக்கு அனுப்புங்கள் என்றேன். "அது இங்கிலீஷ் வராத பிள்ளைகளுக்கு இல்லையா?" என்றார். ஆசிரியர்கள் நாங்கள் அந்த இடத்தை அப்படித்தானே காட்டி வைத்திருக்கிறோம்! மனம் சங்கடப்பட்டது.

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழையும் நம் ஊர்ப் பிள்ளைகளையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். பெரிய கட்டடம் வேண்டாம். நூலகத்தில் ஒரு மூலை, இரண்டு மேசை, பழக்கிய முதுகலை மாணவர் நாலு பேர், அவர்களுக்கு ஒரு சம்பளம் போதும். ஆனால் கேள்வியை ஆசிரியர்தான் தெளிவாகக் கொடுக்க வேண்டும்.

இந்த வாரம் என் வகுப்புக்கு வரைவு கொடுக்கும் வாரம். இன்னும் போகாமல் மூன்று பேர் இருக்கிறார்கள். வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விரிவுரையாளர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா.