மீடியாவை முழுசாகக் கொட்டிவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ அனுப்பிய உன் கடல்நீர்ப் பவள டேங்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் பச்சை, பாறை இடுக்குகளில் முடிமுடியாகப் பாசி. கீழே உன் கேள்வி: ‘பாஸ்பேட் 0.40 பிபிஎம். ஜிஎஃப்ஓ ஃபுல் டோஸ் போடட்டுமா அண்ணா?’ போடாதே. பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள்தானே ஜிஎஃப்ஓ என்ற அந்த மீடியா; அதை அள்ளிக் கொட்டக் கூடாது. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு நான் அதைத்தான் செய்தேன். டப்பாவில் போட்டிருந்த அளவை ஒரே நாளில் ரியாக்டரில், அதாவது டேங்க் தண்ணீரை மீடியா வழியாக ஓடவிடும் குழாயில், கொட்டினேன். 0.35 இருந்தது இரண்டே நாளில் 0.03க்கு இறங்கியது. நான்காம் நாள் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் அடியில் நகம் அகலத்துக்கு ஒரு வெள்ளை. மறுநாள் விளக்கைப் போட்டபோது அது பாதிக் கிளைவரை ஏறியிருந்தது. தொட்டதும் திசு நூல் நூலாகப் பிரிந்து போனது. இரண்டு வருடம் வளர்த்த பவளம். அதன் திசுவுக்குள் வாழும் பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும். அதிகமாக இருந்து பழகிய இடத்தில் சட்டென்று பிடுங்கினால் தாங்காது.

இதைவிடக் கொடுமை, மூன்று வாரத்தில் அளவு திரும்ப 0.20க்கு ஏறியதுதான். மீடியா போலி என்று அன்று திட்டினேன். குற்றம் அதன்மேல் இல்லை. பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் கூடும்போது அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குறைந்ததும் திருப்பி விடும். உன் டேங்கில் எத்தனை மாதத் தீனியின் பாக்கி அந்தப் பாறைக்குள் இருக்கிறதோ! அது தீரும்வரை எண் இறங்கும், ஏறும். பதறாதே.

அதனால் டப்பாவில் சொன்னதில் கால் பங்கு மட்டும் போடு. முதலில் ஆர்ஓ தண்ணீர் விட்டு, வெளியே வரும் செம்பழுப்பு தெளியும்வரை அலசு. ரியாக்டரில் மேல் அடுக்கு மணிகள் மட்டும் மெல்லப் புரள வேண்டும். முழுதும் குதித்தால் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகி டேங்குக்குள் வரும். ஓட்டம் போதாவிட்டால் செங்கல் மாதிரி இறுகிவிடும். புது மீடியா போடும் நாட்களில் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரின் காரத்தன்மை) பார்த்துக்கொள், கொஞ்சம் இறங்கலாம்.

எப்போது மாற்றுவது என்று கேட்பாய். மாதத்துக்கு ஒருமுறை என்பார்கள்; காலண்டரை நம்பாதே. ஜிஎஃப்ஓ தன் மேற்பரப்பில்தான் பாஸ்பேட்டை ஒட்டவைக்கிறது, இடம் நிரம்பினால் வேலை முடிந்தது. பார்த்தால் தெரியாது, நிறம் மாறாது. ரியாக்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீரைத் தனியாகப் பிடித்து அள. டேங்கில் 0.30, வெளிக்குழாயில் 0.05 என்றால் நன்றாக உழைக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் அன்றே மாற்று. பாறையில் பாக்கி இருக்கும்வரை சில நாளிலேயே நிரம்பும். போகப்போக வாரக்கணக்கில் தாங்கும்.

இன்னொன்று, உன் மீட்டர் காட்டுவது பாஸ்பேட்டா, பாஸ்பரஸா? பாஸ்பரஸை பிபிபி கணக்கில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் வகை என்றால் 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 20 என்று காட்டினால் பாஸ்பேட் 0.06 பிபிஎம். அளக்கும் குப்பியில் கைரேகையோ ஒரு சின்னக் குமிழியோ இருந்தாலே எண் மாறிவிடும். நான் இரண்டு முறை துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.

எதுவரை இறக்குவது? 0.03க்கும் 0.10க்கும் நடுவில் நின்றால் எனக்குப் போதும். அங்கே போக இரண்டு மாதம் ஆனாலும் ஆகட்டும். பூஜ்யத்தைத் துரத்தாதே. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வற்றிய டேங்கில்தான் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) தலைதூக்கும். குமிழி கோத்த பழுப்புச் சளி. முடிப்பாசியையாவது கையால் பிடுங்கிவிடலாம், அதை விரட்டப் படாத பாடு பட வேண்டும். அலுமினியம் ஆக்சைடு மீடியா விரைவாக இழுக்கும் என்று யாராவது சொன்னால், நீ லெதர் கோரல் என்ற மென்பவளம் வைத்திருப்பதை நினைத்துக்கொள். அந்த மீடியா போட்டுச் சுருங்கிப் போன லெதர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்று கால் பங்கு போட்டுவிட்டு, மூன்றாம் நாள் டேங்க் அளவு, வெளிக்குழாய் அளவு இரண்டையும் எழுதி அனுப்பு. கூடவே அக்ரோவின் அடிப்பகுதியைக் கிட்டத்தில் ஒரு படம். வெள்ளை துளி தெரிந்தாலும் நள்ளிரவானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அண்ணன்