அத்தான் போட்ட கணக்கு

நியூயார்க்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்னாடியே வந்திருச்சு. பதில் போட இவ்வளவு நாளானதுக்குத் திட்டாதே. நான் நல்லாத்தான் இருக்கேன். நேத்து ராத்திரி பனி கொட்டி, வாசப்படியே தெரியல. புதுக் கோட்டு வாங்கினியான்னு கேட்டிருந்தே. பழசே நல்ல கனம், அது போதும்.

அத்தான் கணக்கைப் பார்த்தேன். மணிக்கு 19 டாலர் 10 சென்ட், 24 மணி நேரம், ஆக நாளுக்கு 458 டாலர்னு பெருக்கி, ரூபாய்க்கும் மாத்தியிருக்கார். ரேட்டு சரிதான். வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்த்துக்கற எங்களுக்கு ஜனவரியிலேர்ந்து இந்த ஊர்ல குறைஞ்சபட்சக் கூலி அது. மத்த வேலைக்கு 16.50. ஆனா பெருக்க வேண்டியது 24 இல்ல, 13. ராப்பகலா அங்கேயே கிடந்தாலும் தூங்க 8, சாப்பிட 3 கழிச்சுடுவாங்க. 2019ல மாநிலத்துப் பெரிய கோர்ட்டே அது செல்லும்னு சொல்லிடுச்சு. சேர்ந்தாப்புல 5 மணி நேரம் தூங்க முடியலைன்னா அந்த எட்டுக்கும் கூலி உண்டு, விதி இருக்கு.

விதி இருந்து என்ன, பாட்டி தூங்கணுமே! கொலம்பியாக்காரப் பாட்டி, 91 வயசு. என் ரசத்தை மருந்துன்னு நினைச்சுக் கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கும். ராத்திரி ஆனா அடுப்பு எரியுதான்னு பார்க்க எழுந்திரிக்கும். ஒவ்வொரு குமிழையும் தொட்டு, "அபகாடோ?" அணைஞ்சிருக்குன்னு நானும் அதே வார்த்தையைச் சொன்னாத்தான் படுக்கும். முந்தாநாள் 12.40, 2.15, 4.05. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். காலையில ஏஜென்சி நம்பருக்குப் போன் பண்ணினா, அஞ்சு மணி நேரம் தூங்கினியான்னு மெஷின் கேட்கும். ஆமாம்னா 1. நான் 1தான் அழுத்தறேன். பணம் மெடிக்கெய்டுன்னு இல்லாதவங்களுக்கான சர்க்கார் திட்டத்திலேர்ந்து ஏஜென்சி வழியா வருது, 2ஐ அழுத்தி இந்த வீடும் போயிடுச்சுன்னா?

ரெண்டே கால்னா அங்க மதியம் பன்னெண்டே முக்கால். அம்மா தட்டுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கும், நீ அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கிட்டு இருப்பே. போனைக் கையில எடுப்பேன். என் குரலை வச்சே நீ கண்டுபிடிச்சுடுவே, அதான் பண்றதில்ல.

சரி, அதை விடு. அம்மாவைக் கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க, தோள்பட்டை கழண்டுடும். பழைய வேட்டியை இடுப்புல மடிச்சுக் கட்டி, அதைப் பிடிச்சுத் தூக்கு. உன் முட்டியை மடக்கிக்கோ. சீட்டுப் பணம் இந்தத் தடவை பதினஞ்சு தேதிக்கு மேலதான் வரும். ஓடு மாத்தறது சித்திரைக்கு அப்புறம் இருக்கட்டும், மழைக்கு நாள் கிடக்கு.

ராத்திரி செல்வி வந்து அம்மாகிட்ட படுத்துக்கறான்னு எழுதியிருந்தே. அதுக்குத் தனியா என்ன கொடுக்கறே? சும்மா தூங்கத்தானே வர்றான்னு அத்தான் சொல்லுவார். அம்மா எத்தனை தடவை எழுப்புதுன்னு செல்வியைக் கேட்டு எழுது.

உன் தங்கச்சி