மோட்டாரைக் கழற்றாதே, பவி

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பவிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை இன்று மட்டும் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். நீ செய்த ரிமோட் விமானம் உன் சிநேகிதி கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து மூக்கு மண்ணில் குத்துவது வரை மொத்தமே ஏழு செகண்ட். கார்த்தி அதை மெதுவாக ஓடவிட்டு, கேட்ட இடத்திலெல்லாம் நிறுத்திக் காட்டினான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய், பாதி காதில் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய மோட்டார் வாங்க 2,000 ரூபாய் கேட்டிருந்தாய். பணம் கிடக்கட்டும். உன் மோட்டார் மேல் தப்பே இல்லை. நம் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான், "மோட்டார் போச்சு" என்று சொல்லிக்கொண்டே தூக்கி வருவார்கள். பார்த்தால் கெப்பாசிட்டர் போயிருக்கும்.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் வேறு. த்ரீ ஃபேஸ் பம்பில் இரண்டு வயர் மாறிப் போனால் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும், தண்ணீரும் கொஞ்சம் வரும், ஆள் "மோட்டாருக்குச் சக்தி இல்லை" என்பார். உன் மோட்டாருக்கும் மூன்று வயர்தான், எந்த இரண்டை மாற்றினாலும் திசை மாறிவிடும். அதோடு ப்ரொப்பெல்லரையே முன்பின்னாக மாட்டிவிடவும் வாய்ப்பு உண்டு. அப்போதும் காற்று அடிக்கும், இழுவைதான் குறையும். ஆனால் உன் போட்டோவில் ப்ரொப்பெல்லர் மேல் இருக்கும் எண் முன்பக்கம் பார்த்துத் தெளிவாகத் தெரிகிறது, அதனால் மாட்டியது சரிதான். காற்றும் பின்பக்கம்தான் அடிக்கிறது, கீழே புல் படுப்பது தெரிகிறது. 2212 சைஸ் மோட்டார், 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 1000 சுற்று), மூன்று செல் பேட்டரி, பத்து இஞ்ச் ப்ரொப்பெல்லர் என்றால் 800 கிராம் அளவுக்கு இழுக்கும். உன் விமானமும் 800 கிராம். இந்த மாதிரி விமானம் பறக்க அதன் எடையில் பாதி இழுவையே போதும்.

சரி, அப்புறம் ஏன் விழுந்தது? இடது பக்கம் சாய்ந்ததைப் பற்றியே நீ பேசுகிறாய். அதற்கு முன்னால் நடந்ததைப் பார். கையை விட்ட அடுத்த செகண்டே மூக்கு தூக்குகிறது. மூக்கை ஏற்றி இறக்குகிற வால் தகட்டை, அதாவது எலிவேட்டரை, நீ தொடவில்லை, அது மட்டமாகத்தான் இருக்கிறது. தூக்கிய மூக்கு இறங்கவே இல்லை. இறக்கை காற்றை சுமார் 15 டிகிரிக்கு மேல் எதிர்த்து நின்றால் பிடி விட்டுப்போகும், விமானம் ஒரு பக்கமாகச் சரியும். வால் கனம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

போன வாரம் இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேனே, முன் ஓரத்திலிருந்து 8 சென்டிமீட்டரில் சமமாக நிற்கிறது என்றாய். இறக்கையின் அகலம், முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை, 20. நிற்க வேண்டிய இடம் 5-லிருந்து 6. முதல் தடவைக்கு 5-லேயே வை. மூக்கு கொஞ்சம் கனமாக இருந்தால் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனமாக இருந்தால் பறக்கவே விடாது.

இதற்கு ஈயக்கட்டி தேட வேண்டாம், கணக்குப் போடு. 800 கிராமை 3 சென்டிமீட்டர் முன்னே தள்ள வேண்டும், அது 2,400. பேட்டரி 180 கிராம். வகுத்தால் பேட்டரி 13 சென்டிமீட்டருக்கு மேல் முன்னே போக வேண்டும். மூக்கில் அவ்வளவு இடம் கிடையாது. ஆனால் வால் தகடுகளை அசைக்கிற குட்டி மோட்டார், அந்தச் சர்வோ இரண்டை வாலிலேயே ஒட்டியிருக்கிறாய், ஒன்று 9 கிராம். அவற்றைப் பிடுங்கி இறக்கைக்குக் கீழே, 40 சென்டிமீட்டர் முன்னால் வைத்து, நீளக் கம்பியால் வாலை இழு. அதிலேயே 720 வந்துவிடும். பேட்டரி 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்தால் போதும். வாலில் அப்பியிருக்கிற க்ளூ கன் பசையையும் சுரண்டி எடு. மொட்டை மாடியில் காற்றாடி சுற்றினால் வாலில் துணி கட்டுவோமே, அந்தப் பழக்கம் உன் கையில் இன்னும் இருக்கிறது. காற்றாடியை நூல் பிடித்திருக்கிறது, பவி. இதை யார் பிடிப்பது?

இப்போது அந்த இடது சாய்வு. மோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக விமானம் இடது பக்கம் உருளப் பார்க்கும், அது உண்டு. வேகம் குறைந்து மூக்கு தூக்கி நிற்கும்போது அது இன்னும் அதிகம். ஆனால் கார்த்தி ஐந்தாவது செகண்டில் படத்தை நிறுத்தினான். விமானம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. "வலது பக்கம் ஸ்டிக்கை முழுசாகத் தள்ளினேன்" என்று நீயே எழுதியிருக்கிறாய். வலது என்றால் வலது இறக்கையின் எய்லரான், அந்தப் பின் ஓரத்தில் அசைகிற தகடு, மேலே போயிருக்க வேண்டும். படத்தில் அது கீழே தொங்குகிறது! நீ காப்பாற்றத் தள்ளியதுதான் அதைக் கவிழ்த்திருக்கிறது.

ரூமில் சரியாக இருந்தது என்பாய். கட்டில் மேல் வைத்து எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது. அதில் விமானத்தின் மூக்கு உன்னைப் பார்த்து இருக்கிறது. எதிரே உட்கார்ந்து பார்த்தால் அதன் வலது உனக்கு இடது. உன் வலது கைப் பக்கத்து எய்லரான் மேலே போனதைப் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டாய். எப்போதும் வால் பக்கம் நின்று பார். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே, உன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. மாறி இருந்தால் எதையும் பிரிக்க வேண்டாம், ரிமோட்டிலேயே ரிவர்ஸ் இருக்கிறது. ரூமில் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடு. இதில் மட்டும் உன் பேச்சைக் கேட்க மாட்டேன்.

இவை இரண்டையும் சரிசெய்துவிட்டு, மோட்டாரை ஓட்டாமல், உயரமான புல் இருக்கிற இடத்தில், காற்றுக்கு எதிராக, மூக்கைத் துளி கீழே சாய்த்து எறிந்து பார். மூக்கு தூக்கித் தூக்கி விழுந்தால் வால் இன்னும் கனம். நேராகக் குத்தினால் மூக்கு கனம். பேட்டரியை அரை சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி எறி. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. நாலையும் ஒன்றாக மாற்றினால் எதனால் பறந்தது என்று உனக்கே தெரியாது.

விழுந்த பேட்டரியைத் தடவிப் பார்த்தாயா? வயிறு உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. நல்லதாக இருந்தாலும் சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், தூங்கப் போகும்போது போட்டுவிட்டுப் படுக்காதே. நீ கேட்ட 2,000 ரூபாயை அனுப்புகிறேன், ஒரு பேட்டரியும் நாலைந்து ப்ரொப்பெல்லரும் வாங்கு. அவை உடைந்துகொண்டேதான் இருக்கும்.

அம்மா அனுப்பும் முறுக்கு டப்பாவில் ஒரு தீப்பெட்டி இருக்கும். உள்ளே 3 எம்எம் வாஷர் எட்டு. நான் சொன்ன இரண்டையும் சரிசெய்த பிறகும் இடது சாய்வு இருந்தால் மட்டும், பின்னால் நின்று பார்க்கும்போது மோட்டாரின் இடது பக்க ஸ்க்ரூக்களுக்கு அடியில் ஒவ்வொன்று கொடு, மோட்டார் இரண்டு டிகிரி வலப்பக்கம் திரும்பும். அதற்கு முன்னால் தொடாதே.

அடுத்த வீடியோவில் விமானத்தோடு உன் கட்டைவிரலும் தெரியும்படி எடுக்கச் சொல்கிறான் கார்த்தி.

அன்புடன்,
அப்பா