கை தூக்கியதற்கு அப்புறம்

எங்கள் சபையாருக்கும், வாலிபர் ஐக்கியத்தாருக்கும், கேரல் பெட்டியில் காசு போட்ட ஒவ்வொரு வீட்டாருக்கும் ஸ்தோத்திரம்.

இப்படி ஒரு மடல் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் காட்டியபோதுகூட, "எழுதித்தான் ஆகணுமா? முடிஞ்சுபோன விஷயம்தானே" என்றார்கள். ஆனால் போன மாதம் இரண்டு தம்பிமார் தனித்தனியாக என்னைத் தேடி வந்தார்கள். என்ன பேசினோம் என்பது அவர்கள் சங்கதி, அது இங்கே வேண்டாம். இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அண்ணே, நீங்க எப்படி இதுலேருந்து வெளியே வந்தீங்க?" பதில் சொல்ல உட்கார்ந்தால், அதில் நான் செய்தது கொஞ்சமாகவும் மற்றவர்கள் செய்தது நிறையவும் இருந்தது. அந்த மற்றவர்களுக்கு இதுவரை நான் ஒழுங்காக ஒரு நன்றி சொன்னதில்லை. பெயர் போடாதே என்று எல்லாருமே சொல்லிவிட்டதால் போடவில்லை. ஊரில் தெரியாதவர் யார்?

தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக, கேரல் காசை ஆட்டத்தில் தொலைத்த என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் நான் ஐக்கியத்தின் பொருளாளர். எங்களுடையது தூத்துக்குடி மாவட்டம் மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர். மாடியில் ஏறி நின்றால் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரியும். எல்லா வருஷமும்போல டிசம்பர் முதல் வாரமே, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினோம். டிரம், கிட்டார், பஞ்சுத் தாடி வைத்த தாத்தா, ராத்திரி ஒரு மணிக்கு யாராவது ஒரு வீட்டில் சுக்குக் காப்பி. பெட்டியில் விழுந்தது, ஜிபேயில் வந்தது எல்லாம் சேர்த்து 23,600 ரூபாய். அவ்வளவும் என் வங்கிக் கணக்கில் கிடந்தது.

17-ஆம் தேதி மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் சிக்கிக்கொண்டதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் பாதி வீடுகளில் அடுப்பு இல்லை, பாய் இல்லை, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமெல்லாம் கூழ். இந்த வருஷம் கேரல் விருந்து வேண்டாம், பணத்தை அப்படியே கீழத்தெருவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கமிட்டியில் ஒரே மனதாகத் தீர்மானித்தோம். நானும் கை தூக்கினேன்.

அப்போதே அதில் 9,000 ரூபாய் இல்லை. ஆன்லைன் ரம்மி. அந்த நவம்பரில்தான், ரம்மி திறமையை வைத்து ஆடுகிற ஆட்டம், அதற்கு மாநிலத் தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. "கோர்ட்டே சொல்லியாச்சு" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். கேரல் காசை வைத்து ஆடு என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. போன ஒன்பதைப் பிடித்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் வைத்துவிடலாம் என்று, கரண்ட் வந்த அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்தேன். மூன்று ராத்திரியில் மிச்சமும் போயிற்று.

கமிட்டியில் கேட்டார்கள். கே.ஒய்.சி. பிரச்சினை, கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். நம்பினார்கள். அடுப்பு அவசரம் என்று ஒரு அண்ணன் தன் கையிலிருந்து 4,000 போட்டார், மற்றவர்களும் இயன்றதைப் போட்டார்கள். வாங்கிய அடுப்புகளை வீடு வீடாகச் சுமந்துபோய்க் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். ஒரு ஆச்சி என் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ளைய நீரே நடத்தும் ஆண்டவரே" என்று ஜெபம் பண்ணினார்கள். ஆமென் சொன்னேன்.

இனி நன்றி.

முதலாவது எங்கள் சபை ஊழியருக்கு. பழைய ஆட்கள் உபதேசியார் என்பார்கள், எனக்கும் அப்படியே வருகிறது. 2024-இல், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்தில் ஒரு சனிக்கிழமை வாலிபர் தியானக் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் நன்றாகத்தான் பேசினார். முடிவில் கண்களை மூடச் சொல்லி, பாவத்தை விட்டுவிடத் தீர்மானிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கினேன். என் வாழ்க்கையில் அது மூன்றாவது தடவை. விடுமுறை வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ்.ஸில் ஒருமுறை, கன்வென்ஷனில் ஒருமுறை தூக்கியிருக்கிறேன். அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை அது காய்ந்துவிடும் என்பதும் அனுபவத்தில் தெரியும்.

கூட்டம் கலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். உபதேசியார் பக்கத்தில் வந்து அவரும் இரண்டு நாற்காலியைத் தூக்கி வைத்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "எதை நெனச்சுல கை தூக்குன?" என்றார்.

இருபத்து நான்கு வயதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை பேர் தூக்கினார்கள் என்று எண்ணுவார்கள், அறிக்கையில் போடுவார்கள். எதற்காகத் தூக்கினாய் என்று கேட்பதில்லை. கோயிலுக்குப் பின்னால் புன்னை மரத்தடியில் உட்கார்ந்து சொன்னேன். சும்மா "பணத்துல தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். "எவ்வளவு?" என்றார். "ஒரு இருபதுக்கு மேல." "எவ்வளவுல?" 23,600 என்று வாயால் சொன்ன பிறகுதான் அது நிஜமான பணம்போல எனக்கே தெரிந்தது. திட்டவில்லை. அறிவுரையும் இல்லை. "ஐயர்ட்ட நீயே சொல்லு. நான் கூட வாரேன், ஆனா வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். அப்படியே செய்தார். அங்கே நான் நடுவில் பேச்சு வராமல் நின்றபோதுகூட அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லையே!

ஐயருக்கு நன்றி. என்னைக் கமிட்டியிலிருந்து நீக்கி அறிவித்துவிட்டால் அவர்களுக்கு வேலை சுலபம். அதைச் செய்யாமல் லூக்கா 19-ஐ எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார்கள். அநியாயமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற வரிவசூல்காரன் சகேயுவின் கதை. "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்ற இடம் வந்ததும் என் மனதில் கணக்கு ஓடியது: 94,400. என் சம்பளம் மாதம் 13,500. முகம் போன போக்கைப் பார்த்து ஐயர் சிரித்துவிட்டார்கள். "ஆட்டைத் திருடினா ஒண்ணுக்கு நாலா கொடுக்கணும்னு யாத்திராகமத்துல இருக்கு, சகேயு தன்னைத் திருடன் கணக்குல வச்சுக்கிட்டான். நீயா வந்து சொல்லியிருக்கே. எண்ணாகமம் 5 பாரு" என்றார்கள். செய்த பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. 23,600-க்கு ஐந்தில் ஒன்று 4,720. ஆக 28,320. மாதம் 2,000. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். இன்னும் அது என் பைபிளில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மன்னிப்புக்குத் தவணை அட்டவணை போட்டுக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். ஆண்டவர் மன்னித்தது வேறு, கீழத்தெருவுக்குக் கொடுக்க வேண்டியது வேறு என்று அன்றைக்கு விளங்கியது.

கமிட்டிக்கு நன்றி. அன்றைய கூட்டத்தை விவரிக்கப்போவதில்லை, நல்லபடியாக இல்லை. 4,000 போட்ட அண்ணன் எழுந்து வெளியே போனவர், மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அவருக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். அவர் உடனே தோளில் தட்டி "பரவாயில்லை தம்பி" என்றிருந்தால், உண்மையிலேயே பரவாயில்லை என்று நான் நினைத்திருப்பேன்.

செயலாளர் அக்காவின் ரசீதுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் அக்கா வீட்டுத் திண்ணையில் போய்ப் பணத்தை எண்ணிக் கொடுப்பேன். ரசீதில் விவரம் எழுதுகிற இடத்தில் அக்கா ஒரே மாதிரி "பழைய பாக்கி" என்று எழுதுவார்கள். அந்தப் புத்தகத்தை யார் புரட்டினாலும் ஒன்றும் தெரியாது. 2024 செப்டம்பரில் மறுபடியும் சறுக்கினேன். கூட வேலை பார்க்கிறவன் போனில் 700 ரூபாய். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. திண்ணையில் 2,000 ரூபாயை வைத்துவிட்டு அதையும் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம், "சொல்லிட்டியா, சரி. பேனா வச்சிருக்கியா? என்னுது எழுத மாட்டேங்குது" என்றார்கள். என் பேனாவை வாங்கித்தான் அந்த மாத ரசீதை எழுதினார்கள். மறைத்திருந்தால் 700 எங்கே போய் நின்றிருக்கும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்து வீட்டு மச்சானுக்கும் அத்தைக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு என் போன் அவர்கள் வீட்டு அலமாரிக்குப் போய்விட வேண்டும், காலை ஆறரைக்குத்தான் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தம். ஏடிஎம் கார்டு அம்மாவிடம். போன் இல்லாவிட்டால் அலாரத்துக்கு என்ன செய்ய? கோயில் மணி இருக்கிறதே. ஐந்தரைக்கு மணி அடிக்கிற தாத்தாவுக்கு நன்றி, மழையோ பனியோ ஒருநாள் பிந்தியதில்லை. எழுந்தால் போன் வர இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கும், வீட்டில் சும்மா உட்கார முடியாது. அப்படித்தான் காலை ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தேன். பக்தி ஒன்றும் பொங்கிவிடவில்லை. நாலு ஆச்சிமார், தாத்தா, நான். ஆச்சிமார் பாடுகிற வேகத்துக்கு ஒரு கீர்த்தனை முடியவே கால் மணி நேரம் ஆகும். மூன்று நான்கு மாதம் கழித்து, ஒருநாள் போகாவிட்டால் என்னவோபோல் இருந்தது.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர் எனக்கு ஆறு வயதில் பாடம் எடுத்தவர்கள். வேதத்தை எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டதற்கு, "நீதிமொழிகள் 31 அதிகாரம். இன்னைக்குத் தேதி என்னவோ அந்த அதிகாரத்த வாசி, நாள் தவறினாலும் எங்க விட்டோம்னு தேட வேண்டாம்" என்றார்கள். தம்பி தங்கச்சிமாரே, இதை நீங்களும் செய்து பாருங்கள், எளிது. ஒரே ஒரு தொல்லை உண்டு. 28-ஆம் தேதி தவறாமல் வந்துவிடும்: "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்." பிப்ரவரியிலும் 28 உண்டு, தப்ப முடியாது. எனக்கு அது தவணைக்கு மூன்று நாள் முன்னால் வருகிற நினைவூட்டல். அறிக்கை செய்ததோடு அந்த வசனம் நிற்கவில்லை, "விட்டுவிடுகிறவனோ" என்று இருக்கிறது என்பதை அந்த செப்டம்பருக்குப் பிறகுதான் கவனித்தேன்.

அம்மாவைப் பற்றி எழுதினால் அம்மா கோபப்படுவார்கள். விட்டுவிடுகிறேன்.

தலையில் கை வைத்து ஜெபித்த ஆச்சியிடம் போகாமல் முடியாது என்று உபதேசியார் சொல்லிவிட்டார். 2024 ஏப்ரலில் போனேன். இந்தமுறை அவர் கூட வரவில்லை. ஆச்சி முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் பெட்டியில போட்ட பத்து ரூவாயும் அதுலதான் போச்சா?" என்றார்கள். ஆமாம் என்றேன். "அடுப்பு நல்லாத்தான் எரியுது" என்று எழுந்துபோய், பட்டையில் பதனீர் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். குடித்து முடித்ததும், தண்ணீரில் நனைந்துபோன ரேஷன் கார்டுக்குப் பதில் புதுக் கார்டு வரவில்லை, ஆன்லைனில் பார்த்துச் சொல்லு என்று வேலையும் வைத்தார்கள். அந்தக் கார்டு வாங்கிக் கொடுக்க நாலு தடவை அலைந்தேன். போன பனைச் சீசன் வரைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என் பத்து ரூவா எங்கல?" என்று தெருவே கேட்கக் கேட்பார்கள். ஒருநாள் பத்து ரூபாயை எடுத்து நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. கேட்பது மட்டும் நிற்கவில்லை.

2025 மே மாதம் கடைசித் தவணை, 2,320. கீழத்தெருப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஜூனில் பள்ளிக் கட்டணமாக அது போயிற்று. அன்றைக்கு ரசீதில் அக்கா "பழைய பாக்கி, தீர்ந்தது" என்று எழுதினார்கள். 4,000 போட்ட அண்ணன் அந்த ரசீதில் சாட்சிபோல ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். ரசீதுக்கு அது தேவையே இல்லை.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நல்லது. ஆனால் என்னைத் தேடி வந்த தம்பிமார் இரண்டு பேருக்கும் ரம்மி இல்லை, வேறு வேறு. ஆகவே சட்டத்தைக் காட்டி அனுப்பிவிட முடியவில்லை.

இன்னும் சில நாளில் இந்த வருஷக் கேரல் ரவுண்ட்ஸ். பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டிருக்கிறோம், சாவிகள் இரண்டு வீட்டில். இரண்டும் என்னிடம் இல்லை, அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். பெட்டியைச் சுமக்கிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தந்தவர்களுக்கு அதற்கும் நன்றி.

எந்தக் கூட்டத்திலாவது கை தூக்கிவிட்டு, எதற்கு என்று யாரும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்ட பிள்ளைகள் இருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் புன்னை மரத்தடியில் உபதேசியாரும் நானும் இருப்போம். அவர் கொஞ்சம் பிந்துவார். எனக்குப் போன் பண்ணுவதானால் ஒன்பதரைக்குள் பண்ணுங்கள், அப்புறம் எடுத்தால் அத்தைதான் பேசுவார்கள்.

உங்கள்,
பழைய பொருளாளர்