கண்ணைத் தேய்க்காதே பாப்பா

அன்புள்ள பாப்பா,

நேற்று வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை வலது கண்ணை விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாய். தம்பி பக்கத்தில் இருந்தான், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அரித்தால் டாக்டர் கொடுத்த அலர்ஜி சொட்டு மருந்தை விடு, குளிர்ந்த துணியை மூடிய இமைமேல் வை. தேய்க்க மட்டும் தேய்க்காதே. உன் கருவிழி ஏற்கெனவே மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, நீ தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அது இன்னும் தளரத்தான் செய்யும்.

பிளஸ் டூ படிக்கும்போது மொட்டைமாடியில் நின்று "நிலா மூணு நாலா தெரியுதும்மா" என்றாய், ஞாபகம் இருக்கிறதா? பவர் கூடியிருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் கோணலைச் சரிக்கட்டுகிற பவர், ஏறியது, நாங்களும் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தோம். கருவிழியை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இந்த நோய்க்குக் கெரட்டோகோனஸ் என்ற பேரையே நீ வேலைக்குப் போன பிறகு, கண்ணாடியை விட லேசிக் லேசர் ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்கப்போன இடத்தில்தான் கேள்விப்பட்டோம். நல்லவேளை, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணுக்கு லேசிக் கூடவே கூடாது என்று அந்த டாக்டர் திருப்பி அனுப்பினார்.

இப்போது அந்த கிராஸ் லிங்கிங் விஷயம். "அது செஞ்சாலும் கண்ணாடி போகாதாம், அப்புறம் எதுக்கும்மா" என்கிறாய். அது பார்வையைத் திருத்துவதற்கான சிகிச்சை இல்லை, நோயை இருக்கிற இடத்திலேயே நிறுத்துவதற்கு. ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், சொட்டாக விட்டுப் புற ஊதா ஒளியைக் காட்டுகிறார்கள், கருவிழிக்குள் இருக்கிற கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அதோடு கூம்பு வளர்வது நின்றுவிடுகிறது.

உன் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலது கண்ணில் கருவிழியின் தடிமன் போன வருஷம் 478 மைக்ரான், இப்போது 461. சிகிச்சைக்கு முன் கருவிழியின் மேல்தோலை எடுப்பார்கள், அதிலேயே 50 போல போய்விடும். அதற்குப் பிறகும் 400 இருந்தால்தான் வழக்கமான முறையில் செய்ய முடியும். கணக்குப் போட்டுப் பார், உனக்கு 11தான் மிச்சம். 400க்குக் கீழே போனாலும் வேறு முறைகள் இருக்கின்றன, ஆனால் நாம் ஏன் அதுவரை விடவேண்டும்? புராஜெக்ட் முடியட்டும் என்று நீ சொல்லிச் சொல்லியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

பார்வைக்கு ஸ்க்லீரல் லென்ஸ் இருக்கிறது. கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழிமேல் உட்கார்ந்துகொள்ளும், நடுவில் நிற்கிற சலைன், அதாவது உப்புநீர், கருவிழியின் அந்த மேடுபள்ளத்தை நிரவிவிடும். முதல் வாரம் போடத் தெரியாமல் அழுதாய், இப்போது அதோடுதான் வண்டியே ஓட்டுகிறாய். குழாய்த் தண்ணீரில் மட்டும் அதைக் கழுவாதே, அதில் இருக்கிற அமீபா கண்ணுக்குள் போனால் பெரிய தொல்லை.

தம்பிக்கும் போன வாரம் கருவிழி ஸ்கேன் எடுத்தோம். கூடப்பிறந்தவர்களுக்கும் பார்த்துவிடுவது நல்லது என்றார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை.

சிகிச்சை முடிந்து மூன்று நாலு நாள் கண் எரியும், வெளிச்சமே பார்க்க முடியாதாம். நீ தேதி வாங்கிச் சொல், அதற்கு முந்தின நாள் ரயிலில் கிளம்பி வருகிறேன். பத்து நாள் இருக்கிற மாதிரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா