அன்னதான மண்டப மேல்மாடித் திருப்பணி: நிறைவு அறிக்கை

ஆலய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கில் உள்ள நம் ஆலயத்தின் அன்னதான மண்டப மேல்மாடி வேலை முடிந்து, புண்ணியாகவாசனமும் ஆகிவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்துடன் தனித்தாளில் இருக்கிறது. ஆனால் பணத்தைவிட அதிகமாக எங்களிடம் கேட்கப்பட்டது வேறு: "எஸ்355 இரும்பு கிடைக்கும்போது ஏன் மட்டமான எஸ்275 வாங்கினீர்கள்?"

முதலில், அது மட்டமில்லை. இரண்டுமே கால் சதவீதத்துக்கும் குறைவான கரிமம் உள்ள கட்டுமான எஃகுதான். தரப் பெயரில் உள்ள அந்த எண், சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் வரை இழுத்துவிட்டால் இரும்பு பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பதைச் சொல்கிறது. ஒன்றில் சுமார் 28 கிலோ எடை, மற்றதில் 36 கிலோ. அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். ஆனாலும் உடனே அறுந்துவிடாது. எஸ்275 அறுவதற்குக் குறைந்தது 410 நியூட்டன் வேண்டும், அதற்குள் இருபது சதவீதத்துக்கு மேல் நீண்டு கண்ணுக்கே காட்டிக்கொடுக்கும். கரிமத்தைக் கூட்டினால் வலு ஏறும், இந்த நீட்சி குறையும், வெல்டிங்கும் சிரமமாகும்.

அப்புறம் நம் பழைய தளத்தின் குறை என்ன? அது உடையவில்லை, ஆடியது. உறுமி மேளப் பிள்ளைகள் மேலே பயிற்சி எடுத்தால் கீழே பந்தியில் இருந்தவர்களின் ரசம் தளும்பியது. ஆட்டத்தையும் தொய்வையும் தீர்மானிப்பது விறைப்பு. அது எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே, சதுர மில்லிமீட்டருக்கு 2,10,000 நியூட்டன். ஒரே அளவு பீமை எஸ்355இல் போட்டாலும் அதே அளவுதான் தொய்யும். 9 மீட்டர் பீமுக்குப் பொறியாளர் வைத்த வரம்பு, நீளத்தில் 360இல் ஒரு பங்கு, அதாவது 25 மில்லிமீட்டர். பீமின் உயரம் கூடினால் தொய்வு குறையும் என்பதால், அதற்குள் நிற்க உயரமான பீம்தான் வேண்டியிருந்தது. உயரமான பீம் வந்த பிறகு எஸ்275இன் வலுவே தாராளம். கீழ் மண்டபத்தின் கூரை தாழ்ந்து தெரிகிறது என்று சிலருக்கு வருத்தம். உண்மைதான், வேறு வழியில்லை.

எஸ்275ஜேஆர் என்ற முழுத் தரப் பெயரின் கடைசியில் உள்ள ஜேஆர் என்பது 20 பாகை வெப்பத்தில் 27 ஜூல் அடியைத் தாங்கும் என்ற உறுதி. ஜே2 என்றால் அதே அடி உறைநிலைக்கு 20 பாகை கீழே. அதற்கு ஏன் கூடுதல் பணம்? பினாங்கில் பனி பெய்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வேலை தாமதமானதற்குக் காரணம், ஒரு லோடு பீமில் அடித்திருந்த வார்ப்பு எண்ணும் (எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) ஆலைச் சான்றிதழில் இருந்த எண்ணும் பொருந்தாததுதான். விநியோகித்தவர் "எல்லாம் ஒரே சரக்குதான்" என்றார். குழு ஒப்புக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்பினோம். மாற்றுச் சரக்கில் 16 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள தகடுகளுக்கு அந்த 275 எல்லை 265 என்று குறைவதையும் பொறியாளர் கணக்கில் எடுத்திருக்கிறார்.

சமையற்கட்டுக்கு மேலே உள்ள பீம்களைத் தீத்தடுப்புப் பலகையால் மூடியிருக்கிறோம். 600 பாகையில் இந்த எஃகின் வலு பாதிக்கும் கீழே போய்விடும். தூண்களின் அடித்தகடுகள் தரையிலிருந்து உயர்த்தப்பட்டுள்ளன. கடற்காற்றோடு அபிஷேக நீரும் தேங்கினால் துருப் பிடிக்க அதிக நாள் ஆகாது.

ஒரு வேண்டுகோள். தோரணமோ ஒலிபெருக்கியோ மாட்ட பீமில் துளை போடவோ கொக்கி வெல்டு செய்யவோ வேண்டாம். துத்தநாகப் பூச்சு அங்கேயே போய்விடும். கவ்விகள் வாங்கி வைத்திருக்கிறோம், அலுவலகத்தில் கேளுங்கள். மாடிப்படிக் கைப்பிடி மட்டும் இன்னும் பாக்கி. சான்றிதழ்க் கோப்பு செயலாளரிடம் இருக்கிறது, விரும்பும் உறுப்பினர்கள் ஞாயிறு பூசைக்குப் பிறகு வந்து பார்க்கலாம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்