மரத்தவளை வளர்ப்பவர்களுக்குக் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

குளிர் தொடங்கினாலே நம் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து ஒரே மாதிரி போன் வருகிறது. தவளை சாப்பிட மாட்டேன் என்கிறது, பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது என்கிறீர்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது அவசரமாகச் சொல்வதைவிட எழுதியே கொடுத்துவிடலாம் என்று இந்த மடல். நம்மிடம் வாங்கும் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை நல்ல கவனிப்பில் 15 ஆண்டுக்கு மேலும் வாழும். பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தருகிறவர்கள் அதை யோசித்தே வாங்க வேண்டும்.

எல்லாமே தோலில்தான் இருக்கிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். அதனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், அதோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் போகாது. தொட்டித் தண்ணீருக்கென்று விற்கும், இவற்றை நீக்கும் கண்டிஷனர் மருந்தைச் சில சொட்டு விட்டுவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரும் வேண்டாம், அதில் உப்புச்சத்தே கிடையாது. கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தொட்டியைச் சாமி அறையில் வைக்காதீர்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரப் புகை எதுவும் அதற்கு ஆகாது. கொசு ஸ்ப்ரே அடிக்கிற அறையும் கூடாது. அடிக்கடி கையில் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமானால் சோப்பு, லோஷன், சானிடைசர் எதுவும் இல்லாமல் கையைக் கழுவி, கண்டிஷனர் விட்ட தண்ணீரில் நனைத்த பிறகு தொடுங்கள். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

இரண்டு தவளைக்கு 45 செ.மீ. அகலம், முன்னிருந்து பின்னுக்கு 45, உயரம் 60 கொண்ட தொட்டி போதும். ஏறுகிற பிராணி, உயரம்தான் முக்கியம். மேலே கம்பி வலை, அடியில் தேங்காய் நார்த்தூள், சாய்வாக இரண்டு மூன்று தடித்த கிளைகள். சிறு கூழாங்கல் போடாதீர்கள், இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். டர்பனில் குளிர்காலமான ஜூலையில் இரவு 11, 12 டிகிரிக்கு இறங்குகிறது. பழுப்பு நிறமும் பசியின்மையும் பெரும்பாலும் அதனால்தான். தொட்டியின் பக்கவாட்டில் வெளிப்புறமாகச் சூட்டுப் பலகை ஒட்டி, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் மாட்டுங்கள். கோடையில் நேர்மாறு: நம் ஊர்ப் புழுக்கத்தில் கூடுதலாகத் தண்ணீர் தெளித்துக் காற்றையும் அடைத்துவிட்டால் தோலில் நோய் வரும்.

சில நாளில் அது முதுகை வளைத்து, வாயைத் திறந்து திறந்து மூடி, கண்ணை அழுத்திக்கொண்டு காலால் உடம்பைத் தேய்க்கும். வலிப்பு என்று பயந்து ஓடி வருகிறீர்கள். பழைய தோலை உரித்துத் தானே தின்கிறது, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு மூன்று வேளை தீனி போதும். கிரிக்கெட் பூச்சி தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியமும் வைட்டமின் டி3யும் கலந்த பொடியில் புரட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் எலும்பு வளையும். கண்ணுக்கு மேலுள்ள மடிப்பு தொங்கிக் கண்ணை மறைத்தால் தீனி அதிகம் என்று அர்த்தம்.

சதுப்பு நிலத்தில் பிடித்த நாணல் தவளைகளை நாங்கள் வாங்குவதில்லை. நம் குவாசுலு-நட்டால் மாகாணக் கடற்கரையில் மட்டுமே உள்ள பிக்கர்ஸ்கில் நாணல் தவளை அருகிவரும் இனம். குட்டியாக இருக்கையில் எது எது என்று பிரித்துச் சொல்வது கடினம். வளர்த்த தவளையை ஓடையில் விடுவதும் கூடவே கூடாது. உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சை அப்படியும் பரவும். வளர்க்க முடியாமல் போனால் கடைக்குக் கொண்டுவாருங்கள், நல்ல வீடு பார்த்துத் தருகிறோம்.

காலின் அடிப்புறத்தில் சிவப்பு, வயிற்று உப்பல், வாரக்கணக்கில் பட்டினி எதைக் கண்டாலும் காற்றோட்டமுள்ள டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து எடுத்துக்கொண்டு, தவளை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள். தொட்டியின் போட்டோவும் வெப்பமானி அளவும் கையில் இருக்கட்டும், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
கடையிலிருந்து